கஜேந்திரன் வண்டிக்கு கிளட்ச் மாட்டிய கதை

கிளட்ச் மாட்டுகிற தொழிலில் கியர்பாக்ஸைக்கூடத் தூக்கிவிடலாம், வண்டிக்காரன் வாயைத்தான் தாங்க முடியாது. என்னை மாதிரி வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கும் சகாக்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் போன மாசம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

மணலில் புகைந்தது

மாமல்லபுரம் போகிற ரோட்டில் என் பட்டறை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கஜேந்திரன் காரை ஒரு டெம்போ கயிறு கட்டி இழுத்துவந்து விட்டது. சிறுசேரி கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற கார். திங்கட்கிழமை காலை வண்டி வந்து நிற்காவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அந்த ரூட்டை நம்பித்தான் அவன் கார் லோனே வாங்கியிருக்கிறான். முகம் செத்துப்போய் நின்றான். எனக்கே பாவமாக இருந்தது.

பாவம் எவ்வளவு நேரம் இருக்கும்? டயர் பூரா கடல் மணல். தீய்ந்த வாடை. சவாரி வந்தவர்கள் படகு பக்கத்தில் போட்டோ எடுக்கணும் என்றதும் காரை மணலிலேயே இறக்கியிருக்கிறான். சக்கரம் புதைந்ததும் பாதி கிளட்சில் காலை வைத்து, புகை வரும் வரைக்கும் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறான். "ஏண்டா இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"நான் இன்னா நைனா பண்ணேன்? போன வருஷம் நீ ஆயில் மாத்துன பாரு, அன்னிலேந்தே வண்டி ஒரு மாதிரியாத்தான் கீது!"

உப்புத்தாள் வைத்தியம்

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினேன். கஜேந்திரனின் மச்சான் முருகேசன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கையில் போன், போனில் வீடியோ. "பெடலு காலாண்ட கீது, இவரு இன்னாத்துக்கு அடியில கழட்டினுகீறாரு?" என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிளட்ச் தட்டு கருகிப் பொடியாகக் கொட்டியது. அது ஒட்டிப் பிடிக்கிற கனத்த இரும்புச் சக்கரம் இருக்கிறதே, ஃப்ளைவீல், அதிலும் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்பு, மயிரிழை மாதிரி விரிசல். புதுத் தட்டை இதன்மேல் மாட்டினால் வண்டி உதறும். ஃப்ளைவீலையும் மாற்று என்றேன். முருகேசன் எழுந்து வந்தான். "இரும்பு எங்கியாவது கெடுமா? உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு மாட்டு அண்ணாத்த."

எனக்கு வந்ததே ஆத்திரம்! ஸ்பானரைக் கீழே போட்டேன். "ஆள் ஏத்தினு போற வண்டிடா இது. மாத்துனா மாட்டுறேன், இல்லன்னா டெம்போவக் கூப்டு." கஜேந்திரன் செங்கல்பட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கிவந்தான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முருகேசன் பழசைத் தட்டிப் பார்த்தான்.

"இத்த எங்கியும் போட்றாத அண்ணாத்த, வூட்ல தோசை சுட ஆவும்!"

ராகு காலத்துக்கு முன்னால்

ஞாயிற்றுக்கிழமை. தட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். "ராகு காலத்துக்குள்ள வண்டிய எடுக்கணும், பாதி போல்ட் போதும், மீதிய அப்பால போட்டுக்கலாம்" என்கிறான் முருகேசன். "மீதிய ராகு வந்து போடுவாரா?" என்றேன். எல்லாவற்றையும் முடுக்கித்தான் விட்டேன்.

பட்டறையிலிருந்து ரோட்டுக்கு ஏற்றம். அந்த ஏற்றத்திலேயே பூஜை. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். பூஜை நடக்கையில் இன்ஜின் அணைந்தால் அபசகுனமாம். கடல் காற்றில் கற்பூரம் பற்றிப் பற்றி அணைகிறது, முருகேசன் தீக்குச்சியாகக் கிழித்துத் தள்ளுகிறான். அதுவரைக்கும் கஜேந்திரன் ஹேண்ட்பிரேக் போடாமல், புதுக் கிளட்சைப் பாதியில் மிதித்தபடியே வண்டியை ஏற்றத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறான்! தீய்ந்த வாடை கிளம்புகிறது. கற்பூர வாடை என்று அவன் கும்பிடுகிறான்! நான் பாய்ந்து இடது பக்கத்துக் கதவைத் திறந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். மிரண்டுபோய்க் காலை எடுத்தான். ஒரு குலுக்கு, இன்ஜின் அணைந்தது. "எம் பொழப்புல மண்ணப் போட்டியே நைனா!" என்று கத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை எனக்கு நாஸ்தா இறங்கவில்லை. தட்டு மறுபடி கருகியிருந்தால்? வண்டி வழியில் நின்று, ரூட்டும் போயிருந்தால்? போன் அடித்தது.

"நைனா, கரெக்ட் டைமுக்கு வந்துட்டேன், ரூட்டு நம்மளுதுதான். வண்டி வெண்ணெயாட்டம் போவுது. எல்லாம் நேத்து வெச்ச எலுமிச்சம்பழத்தோட பவரு!"

இனிமேல் கிளட்ச் போச்சு என்று எவன் வந்தாலும், முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளே மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமாக என்னிடம் வாருங்கள் என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.