இரண்டு நடையாகப் போன கழிவு

எண்பதுகளின் நடுவில் வேதியியல் படித்து முடித்த எனக்குத் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு முலாம் பட்டறையில் வேலை கிடைத்தது. சைக்கிள் உதிரிப் பாகங்கள், போல்ட்டு, நட்டு, கதவுத் தாழ்ப்பாள் என்று துருப்பிடிக்கிற இரும்புச் சாமான்கள் அங்கே வரும். முதலில் அமிலத் தொட்டியில் போட்டுத் துருவை எடுப்பார்கள். அப்புறம் துத்தநாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி எடுத்தால் புதுக்காசு மாதிரி மின்னும். தொட்டிகளில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கெமிஸ்ட் நான். பட்டறையில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான்.

எங்கள் வீடு பிரம்மதேசத்தில். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மா, "பொண்ணு கெமிஸ்ட்டா கீது" என்பாள். அவர்கள், "எந்த மருந்துக் கடைல?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியாது. உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருக்கும் எனக்கு வெளியே வந்து விளக்கவும் வழியில்லை.

துத்தநாகத் தொட்டியில் சயனைடு உப்பு கலந்திருக்கும். அந்தக் காலத்தில் முலாம் நன்றாகப் பிடிக்க எல்லாப் பட்டறையிலும் அதைத்தான் போட்டார்கள். நாள் போகப் போகத் தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறு படியும். அதை வழித்து இரும்பு டிரம்மில் போட்டு மூடி, கொட்டகையின் பின்பக்கம் வைப்பார்கள். வேலைக்காகாத பழைய அமிலமும் பிளாஸ்டிக் டிரம்களில் அதே இடத்தில்தான் நிற்கும். எங்கள் முதலாளிக்கு விழுப்புரத்தைத் தாண்டி இன்னொரு பட்டறை இருந்தது. அது பெரியது. அங்கே கழிவின் விஷத்தை முறிப்பதற்கென்று சிமெண்ட் தொட்டிகள் கட்டியிருந்தார். டிரம்கள் சேர்ந்ததும் ஒரு லாரியில் எல்லாவற்றையும் ஏற்றி அங்கே அனுப்புவோம். போகிற சாமான் என்ன என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த பதில் ஒன்றுதான்: வேஸ்ட்.

எண்பதுகள் முடியப்போகும் நேரத்தில் அபாயகரமான கழிவுகளுக்கென்று மத்திய அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. முதலாளி சென்னையில் ஏதோ கூட்டத்துக்குப் போனபோது அதன் நகலைக் கையோடு வாங்கி வந்தார். எல்லாம் ஆங்கிலம். நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு என் மேஜையில் வைத்தார்.

"இத படிச்சி, நாம இன்னா பண்ணணும்னு சொல்லும்மா. பேஜாரா கீது."

அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. நாட்டில் எந்தெந்தக் கழிவுகள் அபாயமானவை என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். முதல் எண்ணிலேயே சயனைடு கழிவு. உலோக முலாம் வேலையில் வரும் கழிவு அதற்கு அடுத்தது. கொஞ்சம் தள்ளி அமிலம். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிற பின்பக்கத்து டிரம்களைப் பற்றி டில்லியில் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெரிய ஆச்சரியம். நான் படித்த படிப்புக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

படித்ததில் எனக்குப் புரிந்தவை இவை. கழிவு வைத்திருப்பவர் அனுமதி வாங்க வேண்டும். என்ன வகை, எவ்வளவு, எங்கே போனது என்று கணக்கு வைக்க வேண்டும். கசியாத மாதிரி அடைத்து, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். கைமாறும்போது என்ன செய்வது என்று அவ்வளவு விவரமாகச் சொல்லியிருந்ததாக எனக்குப் படவில்லை. அதை நானே ஏற்படுத்தினேன். ஒவ்வொரு நடைக்கும் ஒரு சீட்டு. ஏற்றி அனுப்பும் நான் ஒரு கையெழுத்து, ஓட்டிப் போகும் டிரைவர் ஒரு கையெழுத்து, விழுப்புரம் பட்டறையில் இறக்கிக்கொள்பவர் ஒரு கையெழுத்து. கார்பன் வைத்து எழுதி ஆளுக்கு ஒரு பிரதி. இறக்கியவரின் கையெழுத்தோடு ஒன்று என்னிடம் திரும்பி வர வேண்டும். வராதவரைக்கும் அந்தக் கழிவு என் பொறுப்பில் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"உனக்கு எதுக்கும்மா இவ்ளோ வேலை?" என்றாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிரம்களுக்குப் பெயின்ட் அடித்தேன். சயனைடுச் சேற்றுக்குச் சிவப்பு, அமிலத்துக்கு மஞ்சள். ஆள் வைத்து அடித்திருக்கலாம். ஆனால் எந்த டிரம்மில் என்ன இருக்கிறது என்று திறந்து சோதித்துப் பார்த்தவள் நான் என்பதால் பிரஷ்ஷையும் நானே பிடித்தேன். புடவை முந்தானையில் ஒட்டிய சிவப்புப் பெயின்ட் கடைசிவரை போகவில்லை.

சீட்டின் பின்பக்கத்தில், வழியில் டிரம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதினேன். எங்கள் லாரி டிரைவருக்குச் சொந்த ஊர் கெடார். நிதானமான மனுஷன். என்னைவிட ரொம்ப மூத்தவர் என்றாலும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். எழுதியதை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'நச்சுத்தன்மை வாய்ந்த இத்திண்மக் கழிவு' என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டார்.

"இது வாய்ல நொழைய மாட்டேங்குதும்மா."

எனக்கே சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் லாரி நிழலில் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். 'இது விஷம். கையால் தொடாதே. ஆடு மாடு, ஜனங்களைக் கிட்ட விடாதே. தண்ணீர் ஊற்றிக் கழுவாதே. ஆசிட் படவே கூடாது, பட்டால் ஆளைக் கொல்லும் புகை வரும். சுற்றி மண்ணால் அணை கட்டு. பட்டறைக்கு ஆள் அனுப்பு.' இந்தத் தடவை அவர் நிற்காமல் படித்தார். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஆசிட் படக் கூடாதுன்னா, ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்திக்கினு போறமே?"

அதைத்தான் நானும் அன்று முதலாளியிடம் பேசுவதாக இருந்தேன்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷமாக ஒன்றாகத்தான் போகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றார். தனித்தனியாக அனுப்பினால் டீசல் இரண்டு மடங்கு. நியாயமான கவலைதான்.  ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"சார், ரெண்டும் வேற வேற வகை. ஒரே சீட்டுல எழுத முடியாது. ஒரே வண்டியில ஏத்தினா நான் கையெழுத்து போட மாட்டேன்."

"கையெழுத்து நான் போட்டுக்கிறேன்."

"போடுங்க சார். ஆனா கெமிஸ்ட்டுன்னு எழுதின இடத்துல போடாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். 

"சரி, ரெண்டு நடை அடிக்கச் சொல்லு" என்றார்.

அமிலம் முதலில் போனது. சிவப்பு டிரம்கள் அதற்கடுத்த நாள் காலையில் கிளம்பின. டிரைவர் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறந்த நேரத்தில், கூட்டேரிப்பட்டு பக்கத்திலிருந்து ஒரு ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை. டிரைவர் அவரை வழியில் நிறுத்தி அனுப்பியிருந்தார்.

"உங்க லாரி டயர் வெடிச்சி ஓரமா சாஞ்சிட்ச்சி. டிரைவருக்கு ஒண்ணும் இல்ல. ஒரு டிரம்மு உருண்டு தொறந்துக்கிச்சி. சிவப்பு டிரம்முன்னு கெமிஸ்ட்டம்மா கிட்ட சொல்லச் சொன்னாரு. ஜல்தியா வரணுமாம்."

சாப்பாட்டை அப்படியே மூடினேன். சுண்ணாம்பு மூட்டை, பிளீச்சிங் பவுடர், காலி டிரம்கள், மண்வெட்டி, ரப்பர் கையுறை எல்லாவற்றையும் வேனில் போடச் சொன்னேன். முதலாளி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் புளிய மரங்கள் ஓடின. என் மனதில் ஓடியது முந்தின நாள் போன மஞ்சள் டிரம்கள்தான். அவையும் அதே வண்டியில் இருந்திருந்தால் அந்தச் சாலையில் இந்நேரம் ஆளைக் கொல்லும் புகைதான் எழுந்திருக்கும்.

சாலையோரத்தில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையை ஒட்டிய பள்ளத்தில் லாரி ஒருபக்கம் சாய்ந்து நின்றது. கூட்டம் இருந்தது. ஆனால் ரொம்பத் தள்ளி இருந்தது. நடுவில் டிரைவர் தனியாக நின்றார். நெற்றியில் லேசான காயம். துண்டை ஒரு குச்சியில் கட்டி நட்டிருந்தார். கொட்டிய சேற்றைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண் அணை. கிளீனர் இல்லாமல் வந்தவர், லாரியிலிருந்த மண்வெட்டியால் தானே வெட்டிப் போட்டிருக்கிறார்.

கூட்டத்திலிருந்த ஒரு அம்மா ஆடுகளை வேலியோரம் மடக்கி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கோபமாகக் கேட்டார்.

"இன்னா கொட்டி வெச்சிக்கினு கீறீங்க? பசங்க தண்ணி மோந்துக்கினு வந்து கழுவி வுடறேன்னாங்க. அந்த ஆளு வுடல. சீட்ட எடுத்துப் படிச்சிக் காட்டறாரு. விஷம்னு போட்டுக் கீதாமே?"

"ஆமாம்மா, விஷம்தான். நீங்க ஆட்டை வுடாம வெச்சிருந்தது நல்லதாப் போச்சு. இப்ப நாங்க எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா போதுமா? நாளைக்கு இங்க புல்லு மேய வுடலாமா?"

அது சரியான கேள்வி. அடி மண்ணையும் சேர்த்து வெட்டி எடுத்துப் போகிறோம், அந்த இடத்துக்குச் சுண்ணாம்பும் மருந்தும் போடுகிறோம், ஆனாலும் அடுத்த மழை தாண்டுகிற வரைக்கும் இந்த ஓரம் மேய்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கடைசிவரை நின்று பார்த்தார்.

கையுறை போட்டுக்கொண்டு நானும் டிரைவரும் சேற்றை அள்ளிப் புது டிரம்மில் போட்டோம். கீழே ஊறியிருந்த மண்ணை வெட்டி இன்னொன்றில் போட்டோம். சுண்ணாம்பைத் தூவி, சயனைடை முறிக்கிற பிளீச்சிங் பவுடரைப் போட்டுப் புரட்டிவிட்டோம். முதலாளியும் செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுக்க வந்தார்.

"சார், வெறுங்காலோட உள்ள வராதீங்க" என்றேன். நான் அவருக்குப் போட்ட முதல் உத்தரவு அது. அவர் சட்டென்று பின்வாங்கி நின்றார்.

வேறு லாரி வந்ததும் டிரம்களை மாற்றி ஏற்றினோம். நான் லாரியின் மேல் சாய்ந்துகொண்டு சீட்டைத் திருத்தினேன். ஒரு டிரம் வழியில் கொட்டியது, மண்ணோடு சேர்த்து அள்ளப்பட்டது, ஒரு டிரம் கூடியிருக்கிறது என்று எழுதி, டிரைவரும் நானும் கையெழுத்துப் போட்டோம். விழுப்புரம் பட்டறைவரை அந்த வண்டியின் பின்னாலேயே போனோம். அங்கே இறக்கிக்கொண்டவர் ஒவ்வொரு டிரம்மாகச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தபோதுதான் எனக்குப் பசித்தது. திரும்பும் வழியில் விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் ஒரு ஓட்டலில் முதலாளியும் டிரைவரும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். முதலாளி டிரைவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஓடிப் போயிருக்கலாமே நீ?" என்று அவரிடம் கேட்டார்.

"எப்டிங்க போறது? கையெழுத்து போட்டுட்டு வந்திருக்கேனே" என்றார் டிரைவர்.

அனுமதிக்காக நாங்கள் விண்ணப்பித்தபோது, பட்டறையைப் பார்க்க அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். முதலாளியிடம் ஏதோ கேட்க ஆரம்பித்தார். முதலாளி என்னைக் கைகாட்டி, "இது எல்லாமே எங்க கெமிஸ்ட் அம்மா பொறுப்பு. அவங்கள கேளுங்க" என்றார். அதுவரை நான் அவருக்கு 'நீ'யாகத்தான் இருந்தேன். அதிகாரி டிரம்களைப் பார்த்தார், சீட்டுகளைப் புரட்டினார், பின்பக்கத்துத் தமிழை நின்று நிதானமாகப் படித்தார். ஒரு பிரதி வேண்டும், மற்ற பட்டறைகளுக்கும் காட்டலாம் என்று கேட்டார். கொடுத்தேன். அதற்கப்புறம் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இருந்த சில சின்னப் பட்டறைகளிலிருந்து என்னைக் கூப்பிட்டு, டிரம்களை வகை பிரித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். டிரைவர் சில சமயம் கூட வருவார். டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிடுவார், என்னைவிட நன்றாக.

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டில் பெண் என்ன வேலை என்று வழக்கம்போலக் கேட்டார்கள். அம்மா இந்தத் தடவை மருந்துக் கடைக்கு இடமே கொடுக்கவில்லை.

"விஷத்தப் பிரிச்சி வெக்கிற வேலை. எங்க பொண்ணு கையெழுத்து போடாம அந்த வண்டி நகராது" என்றாள்.

உள்ளே இருந்த நான் காபித் தட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வெளியே நடந்தேன்.