அந்தப் பக்கம் மூன்று தட்டு

எதையும் தட்டிப் பார்க்காமல் மேஸ்திரி நம்பியதில்லை. கேஸ் சிலிண்டர், தண்ணீர் டிரம், மாவு டின், எல்லாவற்றுக்கும் விரல் முட்டியால் ஒரு தட்டு உண்டு. மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவனை முதல் தடவை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவன் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் பைக்கின் டாங்கைத் தட்டிவிட்டு, மனைவியிடம் சொன்னார்: "ரிசர்வ்ல வந்திருக்கான்."

திரும்பிப் போகும்போது தெருமுனையில் வண்டி நின்றது. கல்யாணம் நிற்கவில்லை.

தட்டுவதுதான் அவருக்கு வேலையே. கால்நடைத் தீவன ஆலையில் அவர் சரக்கு இறக்கும் மேஸ்திரி. மூன்று நாளுக்கு ஒரு முறை ஆலைக்குள் ரயில் வரும். இருபது வேகன், ஒவ்வொன்றிலும் அறுபது டன் மக்காச்சோளமோ சோயாப் புண்ணாக்கோ இருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழி. வேகனைக் குழிக்கு மேல் நிறுத்தி அடிக்கதவைத் திறந்தால் சரக்கு கொட்டும். கன்வேயர் அதைக் கோபுரத்துக்கு ஏற்றும். உலர்ந்த சோளம் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும். ஈரம் பட்டுவிட்டால் முறைத்துக்கொண்டு வந்த சம்பந்தி மாதிரி மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க மேலே ஏணி போட்டு ஏற வேண்டும். மேஸ்திரி ஏறியதில்லை. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் வேகனின் வயிற்றில் இரண்டு பக்கமும் தட்டுவார், பக்கத்துக்கு மூன்று இடம். தட்டிய இடத்தில் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. 'தொப்' என்றால் சரக்கு இருக்கிறது. 'டங்' என்றால் "காலி!" என்று கத்துவார். வேகன்களைக் கோத்து நகர்த்துகிற ஷண்டர் பச்சைக் கொடி காட்டுவான். முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லில் ரயில் கிளம்பியது.

ஒரு நாள், காலி என்று அவர் அனுப்பிய வேகன்களில் ஒன்று பதினோராம் நாள் திரும்பி வந்தது. உள்ளே தோட்டம்.

அடுத்த ஊரில் சரக்கு ஏற்றும் முற்றத்தில் மேல்மூடி திறந்தபடி அது மழையில் நின்றிருக்கிறது. மூலையில் ஒட்டியிருந்த இரண்டு டன் சோளம் சாண் உயரத்துக்கு முளைத்துவிட்டது. நான்கு புறாக்கள் குடியேறியிருந்தன. வேகனின் மேல் யாரோ பெயிண்டில் எழுதியிருந்தார்கள்: 'அறுவடைக்கு எப்போது வருவீர்கள்?'

ஆலையே வந்து பார்த்துவிட்டுப் போனது. மேனேஜர், மேஸ்திரியின் மகளுக்கு போன் செய்தார்.

"உங்கப்பாவுக்குக் காது போயிடுச்சும்மா. டெஸ்ட் எடுத்துக் கொண்டாங்க. போயிடுச்சுன்னா கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுதட்டும். நான் என்ன பண்ண?"

மகள் பாலங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர். இரண்டு நாள் லீவு போட்டு வந்தாள். அப்பா திண்டாடிப்போயிருப்பார் என்று நினைத்தாள். அவர் வாசல் இரும்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கீழ துருப்பிடிச்சிருக்கு, கேக்குதா?"

"கேட்கல."

"அப்ப டெஸ்ட்டுக்கு நீ போ."

"லாரி நம்பர் எழுதுறது நல்ல வேலைதாங்க. நாற்காலி தருவாங்க" என்றாள் அம்மா.

"நாற்காலியில உக்காந்தவன் பேச்சைக் கேட்டு ரயில் போகுமாடி?"

காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி ஜன்னல் வைத்த, சத்தம் புகாத ஒரு அறைக்குள் அவரை உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். கை இறங்கவே இல்லை. மெஷின் கெட்டுவிட்டதோ என்று டாக்டரம்மா இரண்டு முறை சரிபார்த்தார். வெளியே வந்த மேஸ்திரி அறையின் சுவரைத் தட்டினார்.

"டாக்டர், இந்த மூலையில சுவருக்குள்ள பஞ்சு வைக்காம ஏமாத்திட்டாங்க."

டாக்டரம்மா தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

காது முழுசாக இருக்கிறது. அப்படியானால் வேகன் எப்படித் தப்பியது? மகளுக்கு அது உறுத்தியது. கருவி சரி என்றால் அளந்த விதத்தில் கோளாறு. ரிப்போர்ட்டைக் கொடுக்கப் போன சாக்கில் தோட்ட வேகனிடம் போனாள். மேஸ்திரி நிற்கும் பக்கம் மூன்று மஞ்சள் கோடு, மழைக்கும் அழியாமல். ரயிலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். சரளைக் கல்லில் நானூறு தப்படி. ஒரு கோடும் இல்லை.

இரண்டு வேகனுக்கு நடுவே புகுந்து போகக் கூடாது, ரயிலைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது ஆலை விதி. அந்த விதியைப் போட வைத்தவரே மேஸ்திரி. மீறியவர்களைக் கொட்டாப்புளியோடு துரத்தியிருக்கிறார்.

அப்பாவோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள்.

"எத்தனை நாளா கால் முட்டி வலிக்குது?"

மேஸ்திரி பஸ்ஸின் ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"அப்பா."

"ஆறு மாசமா. அம்மாகிட்ட சொல்லாத."

"அப்ப ஆறு மாசமா அந்தப் பக்கம் தட்டவே இல்லையா?"

"நல்லா இருக்கிற அன்னிக்கு தட்டுவேன்."

"மத்த வேகனெல்லாம்?"

"அதிர்ஷ்டம்" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, "காதுன்னு சொன்னா கேட்ல போடுவான். முட்டின்னு சொன்னா வீட்டுக்கே அனுப்பிடுவான். எதைச் சொல்ல?"

"ரெண்டு டன் முளைச்சிருக்கே, அதைச் சொல்லுங்க."

மறுநாள் காலை அவரே மேனேஜர் அறைக்குப் போனார். மகள் வெளியே நின்றாள்.

"காது இல்ல சார், முட்டி. அந்தப் பக்கம் தட்டாமயே காலின்னு சொன்னேன். தப்பு என்னுது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். பிறகு மேனேஜர் குரல்: "யோவ், கேக்குறதுக்கு நீ எதுக்கய்யா நடக்கணும்? அந்தப் பக்கம் தட்ட வேற ஒரு ஆள் போதாதா?"

அன்றிலிருந்து ஷண்டர் அந்தப் பக்கம் நடந்தான். மேஸ்திரி இந்தப் பக்கம் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, வேகன் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"என்னடா தட்டுற, காலையில சாப்பிடலையா?"

"கை வலிக்குதுண்ணே!"

"எனக்கு முட்டி வலிக்குது, நான் சொன்னேனா? இன்னொண்ணு போடு!"

ஆறு தட்டும் ஆன பிறகே "காலி!" வந்தது. நான்கு வருடம் ரயில் அப்படிக் கிளம்பியது. வேறெந்த வேகனும் முளைக்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸின் ஆக்சிஜன் சிலிண்டரைத் தட்டிவிட்டு, "பாதி இருக்கு, போதும்" என்றாராம்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன மறுநாள் அடுப்பு எரிந்து எரிந்து அணைந்தது. மகள் குனிந்து சிலிண்டரைத் தட்டினாள். அதிர்வுக்குப் பட்டம் வாங்கியவள். ஒன்றும் புரியவில்லை. மறுபடி தட்டினாள்.

"தெரியலம்மா."

அம்மா திரும்பாமல் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு பக்கம் மட்டும் தட்டினா எப்படித் தெரியும்? அந்தப் பக்கமும் தட்டு."

மகள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.