பிரேக்குக்குப் போன காசு

மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ என்னவோ, காய்ந்த சுரைக்குடுக்கையை எலி சுரண்டுவது போல இருக்கும் அது. அதனுடன் செல்போனுக்குள் காசு விழும் "க்ளிங், க்ளிங்" சத்தத்தையும் சேர்த்துக்கொண்டால், நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுசாக என் காதுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சொறிந்தவர் என் சித்தப்பா. காசு விழுந்தது அவருடைய போனில் இருந்த கார் பந்தய விளையாட்டில்.

எங்கள் ஊர் ஏரியூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சித்தப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. அவர் லாரி டிரைவர்; பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு தெற்கே போவார். அந்த வருஷம் மாசிக் கடைசியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போக, வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி மண்மேட்டில் முட்டி நிறுத்தியதில் அவருடைய வலது கால் ஒடிந்தது. ரோடெல்லாம் தக்காளி நசுங்கிக் கிடந்ததை, அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கூடவே இருந்தவர்கள் மாதிரி விவரித்தார்கள். சித்தப்பா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. விடாமல் கேட்டால் "பிரேக் புடிக்கலீங்க" என்பார், அவ்வளவுதான். "கால் கூடுனதும் வண்டிக்குப் போவ வேண்டியதுதான்" என்பது அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு வாக்கியம். சித்தி அதை நம்பினாள், லாரி ஓனர் நம்பினார், வாரம் தவறாமல் அவர் வாங்கிவந்த சாத்துக்குடியைத் தின்றுகொண்டு நாங்களும் நம்பினோம்.

நாங்கள் என்றால் நானும் சித்தப்பா மகன் மாதேஷும். என்னைவிடச் சின்னவன்; கணக்கில் மட்டும் பெரியவன். விபத்தில் ஒரு மூலை கீறல் விட்டிருந்த அந்தப் போனில் கிளீனர் யாரோ ஏற்றிவைத்திருந்த விளையாட்டை நாங்கள்தான் தோண்டி எடுத்தோம். அதில் கார் தானாகவே ஓடும். போனைச் சாய்த்தால் திரும்பும், திரையின் இடது ஓரத்தைத் தொட்டால் பிரேக், வலது ஓரத்தைத் தொட்டால் பின்னால் தீ கக்கிக்கொண்டு பாயும் "நைட்ரோ". ஜெயித்தால் காசு. அந்தக் காசைக் கொண்டு என்ஜின், டயர், பிரேக், நைட்ரோ என்று எதை வேண்டுமானாலும் படிப்படியாக உயர்த்திக்கொள்ளலாம்; ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலக்கோடு இருக்கும், காசு கொடுத்தால் கோடு நீளும். காரின் மேல் பூசுவதற்கு வண்ணமும் ஒட்டுவதற்குப் படங்களும் தனியாக விற்றார்கள்.

முதல் வாரத்தில் நாங்களும், எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கையில் இருந்ததையெல்லாம் என்ஜினுக்கே கொட்டினோம். பிறகுதான் மாதேஷ் ஒன்றைக் கண்டுபிடித்தான்: எந்தச் சாமானாக இருந்தாலும் முதல் படி சல்லிசு, கோடும் தாராளமாக நீளும், மேலே போகப் போக விலை மட்டும் மலையேறும், கோடு நகக்கண் அளவுகூட நகராது. "எல்லாத்துலயும் மொதப் படிய வாங்கிப் போட்டுட்டு கம்முனு இருக்கணும். மேல் படி வாங்கறவன் ஏமாளி" என்றான். செவப்பு கார் ஒன்று விளையாட்டுக்குள் இருந்த கடையின் வாசலிலேயே சுழன்று சுழன்று ஆசை காட்டும். அதற்குச் சேர்த்துவைக்கலாம் என்று நான் சொன்னதற்கும் அவனிடம் பதில் இருந்தது: "புதுசு வாங்குனா அதுக்கு மறுபடியும் எல்லாம் மொதல்லருந்து போடோணும்க்கா. மஞ்சக் காரே இருக்கட்டும்." ஏழையாக இருப்பதற்கு இவ்வளவு தெளிவான புத்தி வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த மஞ்சள் கார் ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டது. மலை ரோடு பந்தயம். வளைவுக்கு வளைவு கார் வெளியே பறந்துபோய்க் கவிழும். அதை ஜெயித்தால்தான் அடுத்த ஊர் திறக்கும். டயருக்கு இரண்டாம் படி போட்டால் வளைவில் பிடித்து நிற்கும் என்று மாதேஷ் சொன்னான், அதற்கான காசையும் பழைய சுலபமான பந்தயங்களையே திரும்பத் திரும்ப ஓட்டிச் சேர்த்தோம். சேர்த்த காசு நிற்கவில்லை. மத்தியானம் நாங்கள் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் சித்தப்பா அதை எடுத்துப் பிரேக்குக்குப் போட்டுவிடுவார்.

ஒரு தரம் அல்ல. காசு சேரும்போதெல்லாம் பிரேக். மேல் படி, அதற்கும் மேல் படி. பிரேக்கின் கோடு கடைசி வரைக்கும் போய் முட்டி நின்றது, டயர் அங்கேயே கிடந்தது.

"அப்பா, இதுல பிரேக்கு எதுக்கு? எதிர்த்தாப்ல வண்டியா வருது?" என்று மாதேஷ் அழுகிற குரலில் கேட்பான்.

"வராதுன்னு உனுக்கு எழுதிக் குடுத்திருக்கறானா?" என்பார் சித்தப்பா.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். தொடங்குமுன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுகிற பழக்கத்தில் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதற்குள் மற்றக் கார்கள் போய்விட்டிருக்கும். பிறகு இடது ஓரமாகவே உருட்டிக்கொண்டு போவார். பின்னால் வருகிறவன் நெருங்கினால் ஒதுங்கி வழி விடுவார். இடது கட்டைவிரல் பிரேக்கை விட்டு எழவே எழாது. எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்து, "ஒரு கீறல் இல்ல பாத்தியா" என்று காரைக் காட்டுவார். அடுப்படியிலிருந்து சித்தி, "கவர்மெண்டு பஸ்சுகூட இத வுட வெரசா போவும்" என்பாள். சித்திக்கு வாயில்தான் கொடுக்கு. அவர் சலித்துக்கொண்டு திரும்பிப் படுத்தால், "கட்டு போட்டது காலுக்கு. மொகத்த எதுக்குத் தூக்கி வெச்சிருக்கற?" என்பாள். அந்த வீட்டில் அன்பு இப்படித்தான் கிளம்பும்.

வைகாசியில் தர்மபுரிக்குக் கூட்டிப்போய்க் கட்டைப் பிரித்துவந்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால் வேறு யாருடையதோ போல மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து கிடந்தது. அன்று சாயங்காலம் சித்தப்பா அதைத் தடவியபடி, "சரி, உன் டயரையே வாங்கித் தொல" என்று மாதேஷிடம் போனைக் கொடுத்தார். வாங்கினோம். மஞ்சள் கார் மலை ரோட்டில் முதன்முதலாகப் பறக்காமல் வளைந்தது. நான் மாதேஷின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கப் பக்கவாட்டில் நகர்ந்தபோதுதான் அதைக் கண்டேன்: ஒவ்வொரு வளைவுக்கும், கட்டிலில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் அந்த மெலிந்த வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை. அடுத்த ஊர் திறந்து மாதேஷ் குதித்தான். சித்தப்பா தண்ணீர் கேட்டார். கால் சரியானால் வண்டிக்குப் போய்விடுவார் என்று நாங்கள் நம்பியதெல்லாம் அந்த இடத்தில் எனக்கு லேசாக ஆட்டம் கண்டது.

அதே வாரம் ஓனர் வந்தார், லாரியோடு. வாசலுக்கு எதிரே நிறுத்தினார். கல்யாணத்துக்குக் கிளம்பினது மாதிரி இருந்தது வண்டி. முட்டின இடம் தெரியாமல் புதுப் பெயின்ட், முன்னால் பளபளக்கும் பம்பர், வரிசையாக வண்ண விளக்கு, உள்ளே பூப்போட்ட சீட் கவர், கண்ணாடிக்கு மேலே குலதெய்வத்தின் பெயர். தெருவே வந்து சுற்றி நின்றது.

"பொண்ணாட்டம் பண்ணி வெச்சிருக்கறன் பாரு. வெள்ளிக்கெழம பூசையப் போட்டுட்டு எடுத்துடு" என்றார் ஓனர். நல்ல மனிதர், அன்றும் சாத்துக்குடி இருந்தது.

சித்தப்பா கைத்தடியோடு வண்டியைச் சுற்றிவந்தார். விளக்கைப் பார்க்கவில்லை. பின் சக்கரத்தண்டை வந்ததும் மடங்காத காலை நீட்டிவைத்துக்கொண்டு ஒரு பக்கமாகக் குந்தி, டயரை விரலால் தடவினார். மொழுமொழுவென்று இருந்தது.

"டயரு பழசேதானுங்களா?"

"ஓடும்ப்பா அது இன்னும் ஒரு வருசம்."

"பிரேக்குங்க?"

"டைட் பண்ணியாச்சு."

அப்போது யாரும் எதிர்பாராமல் மாதேஷ், கடையில் தப்பான சாமான் வாங்கிவந்தவனைப் பார்க்கிற முகத்தோடு, "எல்லாக் காசையும் பெயிண்ட்டுக்குப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டான். தெரு சிரித்தது. ஓனரும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சித்தப்பா சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து, ஓனரைப் பார்க்காமல் பம்பரைப் பார்த்துச் சொன்னார்: "டயரும் பிரேக்கும் புதுசாப் போட்டுக் குடுங்க. வரன். இல்லாட்டி என்னால அந்த எறக்கத்துல எறக்க முடியாதுங்க. பயமாக் கீது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. ஓனர் சாவியைக் கையில் எடுத்தார். "இப்பத்தானே இவ்ளோ செலவு பண்ணியிருக்கறன், உடனே அதுக்கும்னா நான் எங்க போறது? வேற ஆளப் பாத்துக்கறன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். வண்ண விளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டு போயின. சித்தி வாசல்படியில் நின்றிருந்தாள். ஏதாவது கடுமையாகச் சொல்வாள் என்று காத்திருந்தோம். அவள் சாத்துக்குடிப் பையை எடுத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்று மட்டும் சொன்னாள்.

கதையாக இருந்தால் அந்த லாரிக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. வேறொரு டிரைவர் அதே டயரோடு தொடங்கி, அதே இறக்கத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டினார். பென்னாகரம் ரோட்டில் அது எங்களைத் தாண்டிப்போகும்போது, ஒலிப்பானை நீளமாக அடித்து, சித்தப்பாவுக்குக் கையும் காட்டுவார். சித்தப்பா ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் போனார். சமதளம், காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. லாரியில் வந்த வருமானத்தில் பாதிதான். சித்திக்குக் கோபம் வந்தால் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். சொல்லிக்காட்டிவிட்டு அவர் தட்டில் இன்னொரு களி உருண்டை வைப்பாள்.

அந்தப் போன் பேட்டரி வீங்கி வயிறு உப்பிப்போய் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. கூடவே மஞ்சள் காரும், கடைசி வரை நீண்டிருந்த பிரேக் கோடும் போயின. சமீபத்தில் அந்த விளையாட்டைத் தேடி இறக்கிப் பார்த்தேன். பெயர் அதுதான். ஆனால் விளம்பரம் பார்த்தால் காசு, நிஜப் பணம் கட்டினால் செவப்பு கார் முதல் நாளே கைக்கு வந்துவிடும். முதல் படியா, மேல் படியா என்று யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. அழித்துவிட்டேன்.

போன மாதம் நான் பழைய கார் ஒன்று வாங்கினேன். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சித்தப்பாவை முன் சீட்டிலும் மாதேஷைப் பின் சீட்டிலும் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். கணவாய் இறக்கம் வந்தது. முன்னால் லாரிகள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஓரக்கண்ணில் பார்த்தேன், சித்தப்பாவின் வலது கால் ரப்பர் விரிப்பை அழுத்தி அழுத்தி மிதித்தது.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல" என்றான் மாதேஷ்.

"தெரியும்டா" என்றார் சித்தப்பா. காலை எடுக்கவில்லை.