ஓ நெகட்டிவ் பாயும் ஓயாத கால்களும்

சங்கராபுரத்தில் ஹயாத் பாஷாவின் வூடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். ஓ நெகட்டிவ் பாய் வூடு என்றால் சட்டென்று கை காட்டுவார்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகாத தொண்ணூறுகளில், ரத்ததானம் என்றாலே ஜனங்கள் சுவரோரமாக நழுவிவிடுவார்கள். இவர் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்பார். எந்த நடிகருக்கு எப்போது பிறந்தநாள் என்று ரசிகர் மன்றத்துப் பையன்களைவிட இவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அன்றைக்கு முகாம் நடக்குமே! "அபூர்வ ரத்தத்துக்குச் சொந்தக்காரர்" என்று மைக்கில் யாராவது சொல்லிவிட்டால், அவருக்கு அன்றைக்குச் சோறே வேண்டாம்.

தொழில் என்னவோ ஜவுளி வியாபாரம்தான். லுங்கி, நைட்டி, போர்வை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் வெள்ளிமலைக்கு ஏறி, ஊர் ஊராக விற்றுவிட்டு சாயங்காலம் இறங்குவார்.

வம்பு அந்தச் சாயங்காலங்களில்தான் ஆரம்பித்தது. மூட்டையை இறக்கிவிட்டு ஷேக் தாவூதின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து கொஞ்சம் நடந்தால் அடங்கும். உட்கார்ந்தால் மறுபடியும் ஊரும். படுத்துவிட்டாலோ இன்னும் மோசம். அவர் தூங்கினாலும் கால்கள் தூங்காது. விடிந்து பார்த்தால் மனைவி ஷர்புன்னிசா பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அடுப்படியில் படுத்திருப்பாள்.

"இன்னாங்க, கனவுல யாரு கூட சண்ட போடுறீங்க?"

"நான் எங்க சண்ட போட்டேன்? எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"ஒதை வாங்குறவளுக்குத் தெரியுதே!"

ஷேக் தாவூது சிறுவயதிலிருந்தே சிநேகிதன். டீ ஆற்றிக்கொண்டே வைத்தியமும் சொல்வான். "நீ பகல்ல மலை ஏறுற. ராவுல உன் காலு தனியா ஏறிக்கினு கீது. அவ்ளோதான். சாப்ட்டதும் கெட்டியா ஒரு டீ குடி. படுக்கசொல்ல ஒரு சளி மாத்திரை போடு, அடிச்சுப் போட்டாப்ல தூக்கம் வரும்."

இரண்டையும் பாய் ஒழுங்காகச் செய்தார். கால்கள் அதைவிட ஒழுங்காக உதைத்தன.

ஒருநாள் மத்தியானமே வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறினார். ராத்தூக்கம் இல்லாதவருக்கு ஜன்னல் காற்று பட்டதும் கண் சொக்கிவிட்டது. முன் சீட்டுக்கு அடியில் மலைக்காரப் பெண் தைலம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதற்குள் சேவல் ஒன்றை வைத்திருந்தாள். ஒரு வளைவில் பஸ் திரும்பவும், பாயின் வலது கால் ஓங்கி ஓர் உதை விட்டது. கூடை உருண்டது. சேவல் டிரைவரின் தோளில் ஏறி உட்கார்ந்து சிறகடித்தது. பஸ் கிறீச்சென்று நின்றது. ஒரு பயணி பயந்துபோய்க் கதவைத் திறக்க, சேவல் சரிவில் குதித்துக் காட்டுக்குள் போயே போய்விட்டது. கண்டக்டரோடு பாதி பஸ்ஸும் இறங்கித் தேடியும் வாலைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"பாய்! என் சேவலு உனுக்கு இன்னா கெடுதி பண்ணுச்சு?" என்று தைலம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கத்துல தெரியாம நடந்துடுச்சும்மா."

"தூக்கத்துலயே இப்டின்னா, முழிச்சிருந்தா பஸ்ஸையே கவுத்துடுவ போல!"

இருப்பதிலேயே நல்ல பூப்போட்ட நைட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவள் ஓய்ந்தாள். பாய் வூடு வந்து சேர்வதற்குள் சேவல் கதை அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மறுநாளே ஷர்புன்னிசா அவரைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமையாக விசாரித்தார். "கால் இப்படி ஓயாம இருக்கறதுக்குப் பல காரணம் உண்டு. சிலருக்குக் குடும்ப வழியா வரும். சர்க்கரை, கிட்னிக் கோளாறாலயும் வரும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் வரலாம்."

ஷர்புன்னிசா கணவனின் தொந்தியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரத்தம் எங்கயாவது போகுதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அதுவா எங்கயும் போவலீங்க. நானாதான் குடுக்கறேன்," என்று பாய் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வருஷத்துக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு தபா இருக்குங்க."

"பொய்!" என்றாள் ஷர்புன்னிசா. "இந்த வருஷம் மட்டும் சங்கராபுரத்துல ஒண்ணு, தியாகதுருகத்துல ஒண்ணு, திருக்கோவிலூர்ல ஒண்ணு, கல்யாணத்துக்குப் போறேன்னு சேலம் போனாரே, அங்க ஒண்ணு. முழங்கையில பிளாஸ்திரி, ஜோபில பிஸ்கட்டு. எனக்குத் தெரியாதாங்க? முன்னாடி எப்பக் குடுத்தீங்கன்னு முகாம்ல கேட்டா, ஞாபகம் இல்லன்னு சொல்லிடுவாரு."

பாய் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது. கொடுத்த ரத்தத்தோடு இரும்புச் சத்தும் போய், உடம்பில் சேமிப்பே இல்லை; கால்கள் ஓயாததற்கு அதுதான் காரணம். சாப்பிட்டதும் குடித்த டீ, சோற்றிலிருந்த கொஞ்சநஞ்சத்தையும் உடம்பில் ஒட்டவிடவில்லை. தூக்கத்துக்காகப் போட்ட சளி மாத்திரையும் சிலருக்குக் கால் உதறலைக் கூட்டிவிடுமாம்.

"தானம் நல்லதுதான். ஆனா இடைவெளி விட்டுக் குடுக்கணும். நான் சொல்ற வரைக்கும் ஊசிக்குக் கையை நீட்டாதீங்க," என்றார் டாக்டரம்மா.

பாய்க்குப் பதவி பறிபோன மாதிரி இருந்தது. இரும்பு மாத்திரையை முழுங்கினார். டீயைச் சாப்பாட்டை விட்டுத் தள்ளி வைத்தார். தாவூதின் வைத்தியசாலைக்கு மூடுவிழா நடந்தது. கால்கள் ஒரேயடியாக அடங்கவில்லை. வாரக்கணக்கில் முரண்டு பிடித்து, மெல்ல மெல்லத்தான் வழிக்கு வந்தன. ஷர்புன்னிசாவும் அடுப்படியிலிருந்து சுருட்டிய பாயோடு திரும்பினாள்.

அப்புறம் சங்கராபுரத்தில் ஒரு முகாம் வந்தது. சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போகிறேன் என்றார் பாய். அவர் வேடிக்கை பார்க்கிற லட்சணம் தெரிந்து ஷர்புன்னிசாவும் கூடவே வந்தாள். பந்தலுக்குள் நுழைந்ததும் அவருடைய கை தானாகச் சட்டையை மடித்தது. அவள் அதைப் பிடித்து இறக்கிவிட்டு, தன் பையை அவர் கையில் திணித்து, நேராகப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். எல்லாம் சோதித்துப் பார்த்து, "பி பாசிட்டிவ், குடுக்கலாம்," என்றாள் நர்ஸ்.

"பி பாசிட்டிவ்வா?" என்று பாய் உதட்டைப் பிதுக்கினார். "அது ரோட்ல போற வர்றவன் எல்லார்கிட்டயும் கீது."

"அப்ப அது தேவைப்படுறவங்களும் ஜாஸ்திதானே? நீங்க பைய கெட்டியாப் புடிங்க," என்றாள் ஷர்புன்னிசா, படுத்தபடியே.

மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். பந்தலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாயும் தட்டினார்.