பாதி விலைக்கு வந்த காற்று

தொண்ணூறுகளின் கடைசியில், ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு வருஷம் நடந்தது இது. அப்போது நாங்கள் கோவில்பட்டியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவர் கெட்டுப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் எங்காவது பழைய சாமான் விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், கால் தரையில் நிற்காது. எங்கள் வீட்டு மின்விசிறி, சைக்கிள், பீரோ, சுவர்க் கடிகாரம் எல்லாமே யாரோ வேண்டாம் என்று கழித்துவிட்டவை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது நான் ஒருத்திதான் என்று பக்கத்து வீட்டுப் பெண் கேலி பேசுவாள்.

பேரம் பேசுவதில் அவருக்கென்று ஒரு சாமர்த்தியம் உண்டு. தனக்கு வேண்டிய பொருளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். அதற்குப் பக்கத்தில் கிடக்கிற எதையாவது எடுத்து விலை கேட்பார், குறை சொல்வார், திரும்பி நடப்பார். கடைக்காரர் கூப்பிட்டதும், போனால் போகிறது என்பதுபோல உண்மையில் வேண்டியதைத் தூக்கிக்கொண்டு வருவார். விற்றவன் பின்னாலேயே வந்து திரும்பக் கேட்டால் அது தங்கமான பொருள், உயிரே போனாலும் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

எங்கள் பக்கம் மழை இல்லாவிட்டால் கிணறு காயும். மழை பெய்துவிட்டால் வேறு தொல்லை. கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு கட்டி மோட்டாரை வைத்திருப்பார்கள். திடீரென்று தண்ணீர் ஏறினால் மோட்டார் முங்கிப்போகும். அதை வெளியே எடுத்து உலர்த்திக் காயில் கட்டினால்தான் விவசாயம். தண்ணீருக்குள் போய்க் கழற்றுகிற ஆட்கள் ரொம்பக் குறைவு, மழைக்காலத்தில் அவர்களைக் கையில் பிடிக்க முடியாது. நாமே முங்கி எடுத்து நாமே காயில் கட்டினால் என்ன என்று இவர் யோசித்திருக்கிறார். கடலுக்குள் போகிறவர்கள் முதுகில் கட்டிக்கொள்கிற சிலிண்டரைத் தூத்துக்குடியில் எப்போதோ பார்த்தாராம். அவ்வளவுதான், அங்கே பழைய சாமான் கடை கடையாக அலைய ஆரம்பித்துவிட்டார்.

ஒரு நாள் எல்லாம் வந்து இறங்கியது. மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, வாத்துக் கால் மாதிரி ரப்பர் செருப்பு, வாயில் கவ்வுகிற குழாய், பெயிண்ட் உரிந்த ஒரு கனத்த இரும்பு சிலிண்டர். கண்ணாடியும் செருப்பும் கடையில் கிடைத்தவை. சிலிண்டரும் குழாயும் மட்டும் சங்கு குளிக்கிற ஒருவர் வீட்டில். அந்த மனிதர் ஊரில் இல்லை, அவருடைய மச்சினன்தான் விற்றானாம். "அடிமாட்டு விலைக்கு முடிச்சிட்டேன் ஏட்டி! காத்துகூட ஃபுல்லா இருக்கு, மீட்டரப் பாரு" என்று குதித்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊரில், தண்ணீருக்கு அடியில் நடக்கிற சாமானை வாங்கி வந்து நிற்கிறாரே! பக்கத்து வீட்டுப் பெண் வேறு எட்டிப் பார்த்து, "எக்கா, அண்ணாச்சி குழாயடியில முங்கப் போறாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் இன்னொன்றும் செய்தாள். சிலிண்டரை உருட்டிப் பார்த்தவள், "உள்ள என்னமோ கெடக்கு அக்கா" என்றாள். காதை வைத்துக் கேட்டேன். சரசரவென்று ஏதோ ஓடியது. தூத்துக்குடிச் சரக்காயிற்றே, முத்தோ, கடத்தல் தங்கமோ என்று அவள் கண் விரிந்தது. சும்மா இரு என்று அதட்டினேன். ஆனால் அவள் போனபிறகு நானும் ஒரு தடவை உருட்டிப் பார்த்தேன் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் இவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயைக் கவ்வி மூச்சு விட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே பிடுங்கிவிட்டு, தலை கிறுகிறுக்கிறது என்றார். "வெறும் வயித்தோட என்ன விளையாட்டு? முதல்ல ரெண்டு இட்லியத் தின்னுங்க" என்றேன். தின்றபின் சரியாகிவிட்டது. "கடல் காத்துல்லா, நமக்கு ஒத்துக்கிடல. பழகிரும்" என்று அவரும் சொல்லிவிட்டார்.

அந்த வார இறுதியில் கழுகுமலை போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வந்தார். அவருடைய மோட்டார் முங்கிக் கிடந்தது. வாசலில் வேனை நிறுத்திச் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான், எங்கள் கடையில் விசாரித்துக்கொண்டு ஒரு மனிதர் வந்து நின்றார். கறுத்த, ஒடிசலான ஆள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. சிலிண்டருக்குச் சொந்தக்காரர் தான்தான் என்றார்.

"அண்ணாச்சி, நான் இல்லாத நேரத்துல மச்சினன் வித்துட்டான். அத மட்டும் குடுத்துருங்க. நீங்க குடுத்ததுக்கு மேலயே தாரேன்."

"எதுக்கு கேக்கீங்க?" என்றார் என் கணவர்.

"சும்மாதான். வேணும்."

இப்படிக் கேட்டால் இவர் கொடுப்பாரா? முகம் மலர்ந்துவிட்டது. முடியாது என்றார். அவர் தொகையை ஏற்றினார். இவர் சிரித்தார். இன்னும் ஏற்றினார். இவர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டி, சிலிண்டரை லேசாக உருட்டினார். உள்ளே சரசரத்தது. உள்ளே நிஜமாகவே ஏதாவது இருந்து, போலீஸ் அது இது என்று வந்தால் என்ன செய்வது? அதற்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டால், நல்ல பொருளை விட்டோமே என்று வாழ்நாளெல்லாம் என்னைத்தானே திட்டுவார்?

நானே அந்த மனிதரிடம் கேட்டேன்: "என்ன விசயம் அண்ணே? உடச்சுச் சொல்லுங்களேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேனையும் என் கணவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வேல முடியட்டும் தங்கச்சி. பெறகு சொல்லுதேன்" என்றார். அது எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. வேலை முடிந்தபிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்காமலே அவரும் வேனில் ஏறிக்கொண்டார். வழியில் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவானோ என்று என் கணவர் சிலிண்டரை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

கிணறு நிறையத் தண்ணீர், கலங்கலாகக் கிடந்தது. என் கணவர் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு படி இருக்கும்போது அந்த மனிதர் கீழே வந்து குறுக்கே நின்றார்.

"நான் ஒரு தடவ முங்கிப் பாத்துட்டு வந்துருதேன் அண்ணாச்சி. எனக்கு எதுவும் வேணாம்."

"ஓஹோ, என் தொழில்ல கைய வைக்கலாம்னு பாக்கீங்களோ?" என்று இவர் எகிறினார். மேலே இருந்து சம்சாரி கத்தினார்: "யாராச்சும் எறங்குங்கய்யா, என் பயிரு சாகுது!"

அதற்குள் அந்த மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, படியில் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குதித்துவிட்டார். முதுகில் எதுவும் கிடையாது. வெறும் மூச்சுதான். மேலே வருவார், பெரிதாக இழுப்பார், மறுபடி போவார். என் கணவர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். தொழில்காரர் அல்லவா, எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்? "அடியில இருக்க போல்ட்ட முதல்ல கழத்துங்க! சங்கிலிய வளையத்துல போடுங்க!" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சங்கிலியோடு உள்ளே போனவர் வரவில்லை. நாங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. சம்சாரி "ஐயோ" என்றார். என் கணவர் கண்ணாடியை இறக்கினார், குழாயைக் கவ்வினார், தண்ணீருக்குள் காலை வைத்தார். ஒரு ஆளைக் காப்பாற்றப் போகிறார், நான் எப்படித் தடுப்பேன்? பார்த்துங்க என்று கத்தினேன். அவர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டார்.

அந்த நேரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்த மனிதர் மேலே வந்தார். என் கணவர் வாயில் குழாய் இருப்பதைப் பார்த்ததும் பாய்ந்து, அதைப் பிடுங்கி எறிந்தார். இவர் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இவர் கெட்ட வார்த்தை சொல்லிக் கையை ஓங்க, அவர் அசையவே இல்லை. இவரைக் கட்டிப் பிடித்துப் படிப்படியாக மேலே தள்ளிக்கொண்டு வந்தார். நான் மேலே நின்று இருவரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன கோபம், யார் பக்கம் பேசுவது என்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அவர் மாட்டிவிட்டு வந்த சங்கிலியில் மோட்டார் ஏறி வந்து மண்ணில் உட்கார்ந்தது. அதன்பிறகுதான் அவர் என் கணவர் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றி, அதன் வாயைத் திறந்துவிட்டார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது, வெகுநேரம் வெளியேறிக்கொண்டே இருந்தது. அதன் வாயில் என் கையை வைக்கச் சொன்னார். விரலில் செம்புழுதியாக ஒட்டியது.

"உள்ள சரசரங்கது துருதான் தங்கச்சி. உப்புத்தண்ணி உள்ள போயி, அடச்ச காத்தோட கெடந்து துரு பிடிச்சிருக்கு. துரு புடிக்கப் புடிக்க நல்ல காத்த அது தின்னுரும். மீட்டரு ஃபுல்லுன்னுதான் காட்டும். மூச்சு இழுத்தா இழுக்க வரும். தண்ணிக்குள்ள போனவனுக்கு வலியே இருக்காது, தூக்கம் வந்தது போல இருக்கும்." சிலிண்டரை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "என் தம்பி இதத்தான் மாட்டிக்கிட்டுப் போனான், காத்து கொறையுததுக்கு முன்னாலயே முடிஞ்சுட்டான். அதுக்குப் பெறகு யாரும் தொடக் கூடாதுன்னு கட்டிலுக்கடியில போட்டு வச்சிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. "இத வாசல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேய்யா! என் புருசன் இடுப்பளவு எறங்கிட்டாரே!" என்று கத்தினேன்.

"தண்ணியில எறங்கப் போறவன் முன்னால சாவுப் பேச்சு எடுக்க மாட்டோம் தங்கச்சி, அது எங்க வழக்கம். அன்னைக்கு தம்பி கெளம்புதப்ப நான் வெளையாட்டாத்தான் சொன்னேன், 'பாத்துலே, செத்துகித்துத் தொலையாத'ன்னு." முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் கிழிந்த உதட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த மனிதர் நீட்டிய பணத்தைக் கையோடு மூடி, அவர் சட்டைப் பைக்குள்ளேயே திணித்துவிட்டார். சாயங்காலம் அந்த மனிதர் காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினார். அதற்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சண்டை போட்டுக்கொண்டிருந்தது கடைசியாகக் காதில் விழுந்தது.

இத்தனை வருஷம் ஆகியும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. மேலே வர அவருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோட்டாரை எடுக்க முடியாமல் போயிருந்தால், தன் வழக்கத்தை விட்டு வாயைத் திறந்திருப்பாரா? அவர்மேல் எனக்குக் கோபமா, கும்பிட வேண்டுமா என்று கேட்டால் இன்றைக்கும் பதில் தெரியாது. சில நாள் கோபப்படுகிறேன், சில நாள் கும்பிடுகிறேன்.

என் கணவருக்கு இப்போது வயதாகிவிட்டது, குறட்டை தெருக்கோடிவரை கேட்கிறது. வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுக்கிறார்கள். எனக்கோ அந்தச் சத்தம் ஒரு நொடி நின்றால் விழிப்புத் தட்டிவிடுகிறது, அது மறுபடி கேட்ட பிறகுதான் தூக்கம் வருகிறது.