பிலோமினா அம்மாளின் தேர்க் கேள்வி

போன செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிகள் வரிசையில் நின்ற வில்லியனூர்ப் பெண் ஒருத்தி, தன் முறை வந்தும் தன் நோயைச் சொல்லவில்லை. "நர்சம்மா காலையில தவறிப் பூட்டாங்க, டாக்டரய்யா" என்றாள். கையிலிருந்த பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பிலோமினா அம்மாளை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஊர் ஊராக நடந்து பிரசவம் பார்த்த நர்ஸ். என் தப்பை என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரே ஆள். அப்படி ஒருவரோடு வேலை பார்த்தேன் என்பதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

இருமினால், தும்மினால், புல்லுக்கட்டைத் தூக்கினால் சிறுநீர் கசிகிற பெண்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். அம்மாள் அதைக் கேட்கவே மாட்டார். "தேர் பாத்து எத்தினி வருசம் ஆவுது?" என்பார். கவர்னரே வந்து வடம் பிடிக்கிற வில்லியனூர்த் தேருக்குப் பக்கத்து ஊர்க்காரி போகாமல் இருக்கிறாள் என்றால், நனைந்த சேலையோடு சாமி முன்னால் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை என்று அர்த்தம். தலை குனிந்தவளை வண்டியேற்றி என்னிடம் அழைத்து வருவார். மாதா கோயில் தவிர வேறு கோயில் வாசல் மிதிக்காதவருக்கு இது எப்படிப் பிடிபட்டதோ தெரியாது.

உறுவையாறு கிராமத்துப் பாக்கியத்துக்கு வயது அறுபதை ஒட்டி. தேர் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. இந்த வயதில் கத்தி எதற்கு என்று நான் இழுத்தேன். "அறுவது வயசுல சாமி கும்புடக் கூடாதா டாக்டரய்யா?" என்றார் அம்மாள். சரியென்று பாக்கியத்தை நிற்கவைத்து இருமச் சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை. குறை ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். பாக்கியம் மூட்டையை எடுத்துக்கொண்டாள். அன்று அவள் திரும்பிப் போயிருந்தால் மறுபடி வந்திருக்கவே மாட்டாள்.

அம்மாள் வாசலை மறித்து நின்று, நேற்றிலிருந்து தண்ணீர் குடித்தாளா என்று கேட்டார். வெளியே கிளம்புகிற நாளுக்கு முதல்நாள் மதியத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவது பாக்கியத்தின் வழக்கமாம். வண்டியில் மானம் போகக்கூடாதே! வைத்தியரிடம் வருவதற்கும் அதையே செய்திருக்கிறாள். அம்மாள் இரண்டு சொம்பு தண்ணீர் குடிக்கவைத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பிறகு இருமச் சொன்னார். தரை நனைந்தது. பாக்கியம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் சீட்டைக் கிழித்தேன். அவளுக்கு முன்னால் எத்தனை பேர் இப்படி வறண்டுபோய் என்னிடம் வந்து, நல்லாயிருக்கிறாய் என்று கேட்டுத் திரும்பினார்களோ என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூத்திரப் பையின் கழுத்துக்கு அடியில் தொய்ந்துபோன சதையை இழுத்துச் சேர்த்துத் தைத்தோம். மூத்திரக் குழாயை எடுத்த சில நாளில் அம்மாளே இரண்டு சொம்பு கொடுத்து இருமச் சொன்னார். தரை காய்ந்தே இருந்தது. பாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் இப்படி வாய்த்ததென்று சொல்லமாட்டேன். சிலருக்கு மறுபடி கசிந்தது.

அம்மாள் எல்லோரையும் அறுவை மேசையில் ஏற்றிவிடவும் மாட்டார். ஏம்பலத்துச் சின்னப்பெண் ஒருத்தி, இரண்டாவது பிள்ளையோடு வந்து கெஞ்சினாள். "இன்னொண்ணு பெத்தா தையல் பிரிஞ்சி பூடும். பெத்து முடிச்சிட்டு வா. நான் எங்கியும் ஓடிப் போவல" என்று அனுப்பினார். ஆறு வருஷம் கழித்து அவள் வந்தபோது, சொன்னபடி அம்மாள் இருந்தார்.

அடக்கத்தன்று மாதா கோயிலில் பூசை நீண்டது. பெஞ்சுகள் நிறைந்துவிட, பின்னால் அம்மாள் என்னிடம் அழைத்து வந்த குங்குமமிட்ட பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். பாக்கியம் இருந்தாள், ஏம்பலத்துக்காரி இருந்தாள். புழுக்கம் தாங்காமல் சொம்பைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இன்று என் பரிசோதனை மேசைமேல் ஒரு சொம்பு இருக்கிறது, அம்மாள் வைத்தது. யாரையும் இருமச் சொல்லுமுன் அதை நீட்டுகிறேன். அந்தத் தேர்க் கேள்வியையும் நானே கேட்கிறேன். ஆனால் நான் மனதில் பத்திரமாக வைத்துக்கொண்டது வேறு. அத்தனை தண்ணீரும் குடித்துவிட்டு, அத்தனை நேரமும் நின்று, குழியில் மண் விழும்வரை அந்தப் பெண்களில் ஒருத்திகூட ஒதுங்கப் போகவில்லை.