ராஜம்மாள் வளர்த்த வெட்டுப்புழு

ராஜம்மாளின் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பிவர ஆறு மாதம் ஆகும். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கிருந்த ஒன்றரை ஏக்கர் நிலக்கடலையை அவள் தனியாகத்தான் பார்த்துக்கொண்டாள். யாரிடமும் தணிந்து பேசிப் பழக்கமில்லை. பக்கத்துக் கடலைக்காட்டு மாதேஸ்வரனோடு வண்டித்தடத் தகராறில் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

இந்த வருடம் கடலையில் வெட்டுப்புழு விழுந்ததும் அவனே வந்து, அவள் வரப்பில் நின்ற ஆமணக்குச் செடிகளைக் காட்டிக் கத்தினான்.

“உங்க கொட்டமுத்துச் செடிதானுங்க புழுவைக் கொழுக்க வெச்சு என் காட்டுக்கு அனுப்புது. வெட்டி எறியுங்க.”

“என் வரப்பு, என் செடி. எதைத் தின்னாலும் புழு புழுதான், போ.”

அவன் மூக்கை உடைக்க வேண்டுமென்றே அவள் அந்த வேலையில் இறங்கினாள். ஆமணக்கு இலையிலிருந்த ஒரே முட்டைக் குவியலில் பொரித்த புழுக்களை, அடியில் மண் போட்ட மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்துத் திண்ணையில் வைத்தாள். ஒன்றுக்கு ஆமணக்கு இலை, ஒன்றுக்குக் கடலை இலை, ஒன்றுக்குச் சோள இலை. தினமும் புது இலை போட்டாள்.

சோளம் தின்றவை பாதிக்குமேல் செத்தன. ஆமணக்கு தின்றவை விரல் தடிமனுக்குப் பெருத்து, பதினான்காம் நாளே மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாயின. கடலை தின்றவை அப்போதும் சின்னதாகவே ஊர்ந்துகொண்டிருந்தன. அவை மண்ணுக்குள் போக இன்னும் நான்கு நாள் ஆனது. மாதேஸ்வரன் சொன்னதுதான் சரி.

மறுநாள் அவன் அரிவாளோடு வந்தான்.

“இப்ப வெட்டாதே மாதேசு. செடி நிறையப் பெரிய புழு. செடி வாடுனா எறங்கி உன் கடலைக்குத்தான் வரும். நானே பொறுக்கிடறேன்.”

“அப்ப ஒத்துக்கிட்டீங்க!” என்று சிரித்தபடியே எல்லாச் செடியையும் சாய்த்தான். அவளும் அதற்குமேல் தடுக்கவில்லை. வெட்டினால் அனுபவிக்கட்டும் என்றுதான் இருந்தது.

மூன்றே நாளில் அவன் காடு வெறும் காம்பாக நின்றது. அவளுக்கும் வரப்போரத்து நாலு சால் கடலை போயிற்று.

“டப்பாவுல புழு வளர்த்து என் காட்டுல கொட்டிட்டா” என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். டப்பாக்களைப் பார்த்திருந்தவர்கள் நம்பினார்கள். பால் ஊற்றும் இடத்தில்கூட அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

அடுத்த போகத்தில் அதே வரப்பில் அவள் மறுபடி ஆமணக்கு விதைத்தாள். வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முதலில் அதில்தான் முட்டையிட்டது. தினமும் காலையில் முட்டை இருந்த இலைகளைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். அவள் கடலை தப்பித்தது.

மாதேஸ்வரன் அந்தப் பக்கம் பூச்சிமருந்து டேங்கைச் சுமந்துகொண்டு, அவளைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனான். வரப்பில் ஆமணக்கு வைத்து முட்டை இருக்கும் இலையைக் கிள்ளினால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவள் சொல்லவில்லை.